ஒரு டிஸ்க் போனது, நான் உருவியது இன்னொன்றை

எங்கள் வீட்டு நாஸில் (கோப்புகளைச் சேர்த்து வைத்து வீட்டு நெட்வொர்க்கில் பகிரும் பெட்டி) ஒரு ஹார்டு டிஸ்க் செத்துப் போய் 19 நாள் ஆகியிருந்தது. மீதி மூன்றும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரியவே தெரியாது. மனைவிக்கு ஒரு புதுக் கணக்கு போட்டுக் கொடுக்கலாம் என்று நிர்வாகப் பக்கத்தைத் திறந்தபோதுதான் ஆரஞ்சு நிறத்தில் "டிகிரேடட்" என்று நின்றது. நான்கு 4 டெராபைட் டிஸ்க், ரெய்டு 5. அதாவது தரவைத் துண்டு துண்டாக நான்கிலும் பிரித்து எழுதும், ஒன்று போனாலும் மீதி மூன்றிலிருந்து மீட்டுக்கொள்ளும். இன்னொன்று போயிருந்தால் குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் போயிருக்கும்.

கோளாறு வந்தால் மெயில் அனுப்பும் வசதியை முதல் நாளே போட்டுவைத்திருந்தேன். இடையில் மெயில் கடவுச்சொல்லை மாற்றினேன். பெட்டிக்குள் பழையதே இருந்தது. 19 நாளும் பெட்டி மெயில் அனுப்ப முயன்று தோற்றிருக்கிறது, அந்தத் தோல்வியையும் நான் எட்டிப் பார்க்காத பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. பீப் சத்தம் வந்திருக்க வேண்டுமே என்றால், ராத்திரியில் குழந்தை எழுந்துவிடுகிறாள் என்று அதை அணைத்ததும் நான்தான். இதைப் படிக்கிறவர்கள் மேலே போவதற்கு முன் உங்கள் பெட்டியில் "சோதனை மெயில்" பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு வாருங்கள். மெயில் வந்து சேர்ந்ததா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்து மனதை அரித்தது ஸ்மார்ட் அறிக்கை, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது. போன மாதம்தான் பார்த்தேன், நான்கு டிஸ்க்குக்கும் பச்சை. கெட்டுப்போன இடங்களைக் கணக்கு வைக்கும் 5, 197, 198-ஆம் வரிகளைத்தான் எல்லாரும் பார்க்கச் சொல்வார்கள், அவற்றின் எண்கள் எல்லாமே பூஜ்யம். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு தேடிப் படித்தேன். செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு எண்களிலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே செத்திருக்கின்றன. எண் ஏறினால் உடனே பயப்பட வேண்டும், அது சரி. ஏறாமல் இருக்கிறது என்பதற்காக நிம்மதியாகத் தூங்கியது என் பிழை.

அன்று இரவே புது டிஸ்க்குக்கு ஆர்டர் போட இருந்தேன். அதற்கு முன் சர்வர் வேலை பார்க்கும் ஓர் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பேக்கப் இருக்கா?" என்றார்.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது இருக்கு அண்ணா. ரெய்டு இருக்கேன்னுதான்..."

"ரெய்டு பேக்கப் இல்லப்பா. டிஸ்க் எதையும் இப்பத் தொடாதே. முதல்ல காப்பி எடு, மத்தது எல்லாம் அப்புறம்."

அவர் சொன்ன காரணம் எனக்கு அதுவரை உறைத்ததில்லை. புது டிஸ்க்கைச் செருகியதும் ரீபில்டு, அதாவது செத்த டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் திரும்ப உருவாக்கும் வேலை, தொடங்கும். அதற்கு மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும், 12 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் "10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம்" என்று ஓர் உச்ச வரம்பு போட்டிருக்கும். அது ஏறக்குறைய 12.5 டெராபைட். நடப்பில் டிஸ்க்குகள் இதைவிட எவ்வளவோ நன்றாகத்தான் படிக்கின்றன. ஆனாலும் என் நான்கு டிஸ்க்கும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை, சீரியல் நம்பர்கூடக் கிட்டத்தட்ட அடுத்தடுத்து. ஒன்று களைத்து விழுந்த வயதில்தான் மற்ற மூன்றும் இருக்கின்றன. அவற்றின் தலையில் மிகப் பெரிய வேலையைக் கட்டுவதற்கு முன், உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட வேண்டும்.

படங்கள் முதலில், அப்பாவின் பத்திரங்களை ஸ்கேன் செய்தது அடுத்து, சினிமா கடைசியில் என்று வரிசை வைத்து யுஎஸ்பி டிஸ்க்கில் ஏற்றினேன். ஒன்றரை நாள் ஆனது. இந்தக் கதை முழுவதிலும் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

புது டிஸ்க் வந்தது. அதே 4 டெராபைட், அதே இணைப்பு, அட்டைப்பெட்டியின் மேல் நல்ல பெயர். செருகினேன். வினாடிக்கு 130 மெகாபைட் வேகத்தில் தொடங்கியது, ஒன்பது மணி நேரத்தில் முடியும் என்றது. காலையில் எழுந்து பார்த்தால் 8 மெகாபைட். இன்னும் நான்கு நாள் என்று காட்டியது. மதியம் அதுவும் நின்றது. புது டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று ரெய்டு அதைத் தள்ளிவிட்டிருந்தது.

டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை. அது எஸ்எம்ஆர் வகை. ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றின் விளிம்பில் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்குமே, அதுபோல இதில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறியிருக்கும். நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுதினால் அதை ஒட்டியுள்ளவற்றையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். கொஞ்சமாக எழுதும்வரை தனியே ஒதுக்கிய பகுதியில் வாங்கி வைத்துச் சமாளிக்கும். பல மணி நேரம் விடாமல் கொட்டினால் அந்த இடம் நிரம்பி மூச்சு முட்டும். ரீபில்டு என்பதே விடாமல் கொட்டுவதுதான். ரெய்டுக்கு, தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதான் வாங்க வேண்டும். அட்டைப்பெட்டியில் "நாஸ்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. அப்படி விற்ற சில மாடல்களே எஸ்எம்ஆர் என்று 2020-ல் தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. முழு மாடல் நம்பரைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் தேடுங்கள். அதில் எந்த வகை என்று எழுதவில்லை என்றால் வேறு மாடலுக்குப் போய்விடுங்கள்.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தவர் கணினியில் மாட்டி ஃபார்மேட் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே சார் ஓடுது?" என்றார். ஓடும்தான். ரெய்டில் ஓடாது என்பதை எப்படிச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. டிஸ்க்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து, இருந்த ட்ரேயிலேயே செருகி வைத்தேன். வேறொரு கடையில் சிஎம்ஆர் வாங்கினேன்.

இனி வருவதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

தள்ளப்பட்ட எஸ்எம்ஆர் டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதைச் செருக வேண்டும், அவ்வளவுதான். பதிவேட்டில் கோளாறான டிஸ்க்கின் பெயர் எஸ்டிடி (sdd). ஏ, பி, சி, டி, நான்காவது எழுத்து, ஆகவே நான்காவது ட்ரே என்று எண்ணி உருவினேன். அரை நொடியில் மூன்று விளக்கும் நிறம் மாறின. நிர்வாகப் பக்கம் "வால்யூம் செயலிழந்தது" என்றது, டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடமும்தான் வால்யூம். எல்லாக் கோப்புறைகளும் மறைந்தன.

பேக்கப் எடுத்த யுஎஸ்பி டிஸ்க்கை நான் கழற்றவில்லை. இடையில் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தேன். திரும்ப எழும்போது முதல் எழுத்தை யுஎஸ்பி டிஸ்க் எடுத்துக்கொண்டது, உள்ளே இருந்தவை எல்லாம் ஓர் எழுத்து தள்ளிப்போயின. எஸ்டிடி என்பது மூன்றாவது ட்ரே. நான் உருவியது நன்றாக இருந்த டிஸ்க்கை. அந்த எழுத்துகள் நிலையானவை அல்ல. நம்பக்கூடியது சீரியல் நம்பர் ஒன்றுதான். அதை ட்ரேயின் முகப்பிலேயே எழுதி ஒட்டியிருந்தால் இது நடந்தே இருக்காது. பெட்டி நல்ல நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். கோளாறு வந்த பிறகு எந்த எண் எந்த ட்ரே என்று பார்க்க ஒவ்வொன்றாக உருவ முடியாது.

உருவியதைத் திரும்பச் செருகினால் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன். சேரவில்லை. திரையில் "புதிய வால்யூம் உருவாக்கு" என்று பெரிதாக ஒரு பொத்தான் வந்து நின்றது. தயவுசெய்து அதை அழுத்தாதீர்கள். லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவி தெரிந்தவர்களும் பதற்றத்தில் கிரியேட் கட்டளையைப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க் வரிசையோ, துண்டின் அளவோ, தரவு தொடங்கும் இடமோ ஒன்று பிசகினாலும் பழையதன் மேல் தப்பான வரைபடம் விழும். ரீபில்டும் தொடங்கிவிட்டால் தரவே அழியும்.

அண்ணன் போனிலேயே இருந்தார். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் தலைப்பில் நிகழ்வு எண் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எக்ஸாமின் கட்டளை போட்டால் தெரியும், அது எதையும் எழுதாது, படிக்க மட்டும் செய்யும். இரண்டு டிஸ்க்கில் ஒரே எண். நான் உருவியதில் 14 குறைவு. "அவ்வளவுதானே, வந்துடும்ப்பா" என்றார். யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றினோம். பாதி உயிரோடு கிடந்த ரெய்டை நிறுத்தி, அந்த மூன்று டிஸ்க்கை மட்டும் சொல்லி அசெம்பிள் ஃபோர்ஸ் கொடுத்தோம். நிகழ்வு எண் கொஞ்சம் பின்தங்கிய டிஸ்க்கையும் ஏற்றுக்கொள் என்பதுதான் அதன் பொருள். மூன்று டிஸ்க்கோடு எழுந்தது. கோப்புகளைத் திறக்க மவுன்ட் செய்யுமுன் கோப்பு முறைமையைச் சோதித்தோம், பாதியில் நின்ற மாற்றங்களின் குறிப்பான ஜர்னலை ஓட்டி இரண்டு மூன்று சில்லறைப் பிழைகளைச் சரிசெய்தது. படங்கள் கோப்புறையைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அவரும் போனை வைக்காமல் காத்திருந்தார்.

சிஎம்ஆர் டிஸ்க்கைச் சீரியல் நம்பர் பார்த்துச் சரியான ட்ரேயில் செருகினேன். பத்து மணி நேரத்தில் ரீபில்டு முடிந்தது.

செத்த டிஸ்க்குக்கு வாரண்டி இருந்தது. தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் இன்னும் ஏழு மாதம் என்று காட்டியது. சேவை மையத்தில் பில் கேட்டார்கள். பத்திரமாக வைத்திருந்த பில்லை எடுத்து நீட்டினேன். வெப்பத்தாள் பில், மூன்று வருடத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. "இதுல ஒண்ணுமே இல்லையே சார்" என்றார்கள். தளத்தில் தேதி வருகிறதே என்றால், பில் இல்லாமல் எடுக்க முடியாது என்றார்கள். ஒரு நாள் விடுப்பு வீண். வாங்கிய கடை பழைய கணக்கிலிருந்து பில்லின் நகலைத் தேடிக் கொடுத்தது, நல்ல வேளை. இரண்டாவது முறை போனால், டிஸ்க்கை நிலைமின் காப்பு உறையில் போடவில்லை என்று பிரச்சினை. எஸ்எம்ஆர் டிஸ்க்கின் உறை பையிலேயே கிடந்ததால் தப்பித்தேன். பில் வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள், அதில் சீரியல் நம்பர் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள், டிஸ்க் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

கொடுப்பதற்கு முன் இன்னொன்றும் உண்டு. ரெய்டு 5-இன் ஒற்றை டிஸ்க்கில் துண்டு துண்டாகத்தானே இருக்கும், யார் படிக்க முடியும் என்பார்கள். துண்டின் அளவு என் பெட்டியில் 64 கிலோபைட். ஒரு சின்ன ஆவணம் முழுசாக ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும். என் டிஸ்க் தட்டுத் தடுமாறியாவது சுழன்றதால் முடிந்தவரை பூஜ்யம் எழுதி அழித்துக் கொடுத்தேன். சுழலவே சுழலாத டிஸ்க் என்றால், முதலிலேயே என்க்ரிப்ட் செய்திருந்தாலொழிய வழியில்லை.

இவ்வளவுக்குப் பிறகு, வயதான மற்ற மூன்றையும் நம்ப மனம் ஒப்பவில்லை. நான்கையும் 8 டெராபைட்டாக மாற்றுவது என்று முடிவு. ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் ரீபில்டு விடுவதுதான் வழக்கம். ரெய்டு 5-இல் கடைசி டிஸ்க்கும் மாறும்வரை ஒரு மெகாபைட்கூட இடம் அதிகமாகாது. இந்தத் தடவை செருகும் முன்பே எல்லாவற்றையும் பார்த்தேன், அது காப்பாற்றியது. என் வால்யூம் பழைய பெட்டியில் உருவானது, கோப்பு முறைமை இஎக்ஸ்டி4, 64-பிட் அம்சம் இல்லாதது. அப்படிப்பட்டது 16 டெபிபைட்டுக்கு (ஒரு டெபிபைட் சுமார் 1.1 டெராபைட்) மேல் வளராது. மூன்று எட்டு இருபத்துநான்கு டெராபைட், கணினிக் கணக்கில் 21.8 டெபிபைட். நான்கு ரீபில்டு ஓட்டி, பழைய டிஸ்க்குகளை வதைத்து, கடைசியில் அந்தச் சுவரில் போய் முட்டியிருப்பேன்.

ஆகவே வேறு வழி. பெட்டியை அணைத்து, பழைய நான்கையும் ட்ரே எண்ணும் சீரியல் நம்பரும் எழுதி ஒட்டி அப்படியே அலமாரியில் வைத்தேன். அவை ஒரு பிரதி, யுஎஸ்பி டிஸ்க் இன்னொன்று. புது நான்கையும், இரண்டு கடையில் இரண்டிரண்டாக வாங்கியவை, முதலில் முழு எழுத்துச் சோதனையும் நீண்ட ஸ்மார்ட் சோதனையும் ஓட்டினேன், ஒரு வாரம் போனது. பிறகு ரெய்டு 6. இடம் 16 டெராபைட்தான், ஆனால் இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போனாலும் தாங்கும். யுஎஸ்பியிலிருந்து திரும்ப ஏற்றினேன், எல்லா டிஸ்க்கையும் படித்துப் பிழை தேடும் ஸ்க்ரப் மாதம் ஒருமுறை ஓட நேரம் குறித்தேன், பீப் சத்தத்தைத் திரும்பப் போட்டேன், சோதனை மெயில் அனுப்பிப் பார்த்தேன், வந்தது.

வாரண்டியில் வந்த மாற்று டிஸ்க் நேற்றுக் கிடைத்தது. புதியது இல்லை, சரிபார்த்துத் திரும்ப அனுப்பியது என்று மேலேயே எழுதியிருக்கிறது. இன்று காலை அதில் நீண்ட சோதனையைத் தொடங்கினேன், இன்னும் 40 சதவீதம் மீதி.