அடமானத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றவர்

2024 ஆகஸ்ட் 6

வில்லங்கச் சான்று வந்துவிட்டது. என்னிடம் கம்பி வாங்கிய பில்டர் அடமானமாக எழுதிக்கொடுத்த மனையில் என் அடமானம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனையை ஏலம் வரை கொண்டுபோக வருஷக்கணக்காகும். அசலே 14 லட்சம்.

மனையை நம்பி நான் 22 டன் கம்பி இறக்கவில்லை. போன வருஷம் ஜூலையில் பில்டரின் மாமனார் கடைக்கே வந்தார். "அண்ணாச்சி, ஒரு வருஷத்துல மருமகன் தரலைன்னா அந்த அடமானத்தை அசலும் வட்டியுமா நானே வாங்கிக்கிடுதேன்" என்றார். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதற்கு அப்புறம்தான் லோடு கிளம்பியது.

ஆகஸ்ட் 9

மாமனாரை நேரில் போய்க் கேட்டேன். "கம்பி வாங்குனது அவரு. எனக்கு என்ன கிடைச்சுது?" என்கிறார். இரவு தூக்கமில்லை.

ஆகஸ்ட் 12

பாளையங்கோட்டையில் வக்கீலைப் பார்த்தேன். நஷ்டஈடுதான் கேட்க முடியும் என்று நினைத்திருந்தேன். கடன் தருவதாகச் சொல்லி ஏமாற்றினால் பெரும்பாலும் அவ்வளவுதானாம். அடமானக் கடன் அப்படியில்லை. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி அது வெறும் வசூல் பாக்கி அல்ல, நிலத்தின் மேல் உள்ள உரிமை. பதிவுப் பத்திரம் போட்டுத்தான் கைமாறும். அதனால் நிலக் கிரய ஒப்பந்தம் போலவே, 'ஏற்றதை ஆற்று' என்று, அதாவது நஷ்டஈட்டுக்குப் பதில் சொன்னதையே செய்யவைக்கும்படி வழக்குப் போடலாம் என்கிறார். முன்பு அப்படி உத்தரவிடுவது நீதிபதியின் விருப்பம். 2018 அக்டோபர் முதல் அந்த விருப்பத்துக்கான இடம் சுருங்கிவிட்டதாம்.

மாமனாரின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அவர் கேட்டதால் நான் கம்பி இறக்கினேனே, அதுவே மறுபயன், அதாவது அவர் வாக்குக்கு ஈடாக நான் செய்தது. லாபம் அவர் கைக்குத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் சொல்லவில்லை.

தாள் பதிவாகவில்லையே என்று பயந்தேன். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். பதியாவிட்டாலும் இந்த மாதிரி வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம், நம் மாநிலத்து வழக்கிலேயே சொல்லியிருக்கிறது.

ஆகஸ்ட் 17

கம்பி லோடு அனுப்பிய சலான் கிடைத்தது! மாமனார் எழுதிய பத்திரத்தில் உள்ள அதே தேதி.

ஆகஸ்ட் 21

பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிற்று. செப்டம்பர் 5 காலை பணத்தோடு சார்பதிவாளர் அலுவலகம் வரவேண்டும். அடமானத்தை அவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க நான் தயாராக இருந்தேன் என்று நிரூபிப்பது என் பொறுப்பாம்.

செப்டம்பர் 5

அசல் பத்திரம், வில்லங்கச் சான்று, எழுதிவைத்த மாற்றுப் பத்திரம் எல்லாம் மடியில். காலை பத்து மணியிலிருந்து அலுவலகம் மூடும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை.

கோர்ட் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய். வீட்டில் சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்துவிட்டாள். திங்கட்கிழமை வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.