பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம்: தெரிந்த விளையாட்டிலிருந்து தொடங்குங்கள்

பிரான்சின் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கில உதவியாசிரியராக வேலை பார்த்துத் திரும்பியவள் நான். வாரம் 12 மணி நேர வேலை. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடியும். இப்போது கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தப் பாடப்புத்தகம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். புத்தகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகள் இடைவேளையில் என்ன விளையாடுகிறார்கள் என்று முதலில் கவனியுங்கள்.

காரணம் இருக்கிறது. முதல் வகுப்பான சே பேயில் ஆறு வயது, கடைசி வகுப்பான சே எம் தெயில் பத்து, பதினொன்று. ஒவ்வொரு வகுப்புக்கும் அயல்மொழிக்கு வாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான். புது விளையாட்டு ஒன்றைக் கொண்டுபோனால் அதன் விதியை விளக்கவே பாதி நேரம் போய்விடும், அதுவும் பிரெஞ்சில். ஏற்கெனவே தெரிந்த விளையாட்டு என்றால் விதி அவர்கள் தலையிலேயே இருக்கிறது. முதல் நிமிடத்திலிருந்து ஆங்கிலத்திலேயே பேசலாம்.

என் கண்ணில் இதற்கு மிகச் சிறந்தது ‘செத் ஃபமீய்’ என்ற சீட்டு விளையாட்டு. ஏழு குடும்பங்கள், தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மகன், மகள் என்று குடும்பத்துக்கு ஆறு பேர், மொத்தம் 42 சீட்டுகள். கூட ஆடுகிறவர்களில் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு ஒரு குடும்பத்தை முழுதாகச் சேர்க்க வேண்டும். பிரான்சில் இதை வீட்டில் ஆடாத பிள்ளை அபூர்வம். நான்கைந்து பேராக உட்காரவைத்து, “இன் த பிரவுன் ஃபேமிலி, டூ யூ ஹேவ் த கிராண்ட்மதர்?” என்று கேட்கச் சொல்லுங்கள். முழு வாக்கியமாகக் கேட்டால்தான் சீட்டு கிடைக்கும். “யெஸ், ஹியர் யூ ஆர்” அல்லது “நோ, ஐ டோன்ட்” என்பது பதில். வகுப்பில் கேள்வி கேட்கும் வேலையை எப்போதும் ஆசிரியரே செய்கிறார். குழந்தைக்குக் கேட்கவேண்டிய தேவையே வருவதில்லை. இந்த ஆட்டத்தில் கேட்காவிட்டால் தோற்றுப்போவோம். கூச்சத்தில் வாயே திறக்காத பிள்ளைகூட அந்தப் பாட்டிச் சீட்டுக்காகப் பேசும். சீட்டுகளைக் கடையில் வாங்காதீர்கள், பிள்ளைகளையே வரையவிடுங்கள். பூனைக் குடும்பம், பூதக் குடும்பம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சின்ன வகுப்புகளுக்கு ‘பிஜோன் வோல்’ போதும். பறக்கிற ஒன்றைச் சொன்னால் கை தூக்க வேண்டும், பறக்காததைச் சொன்னால் தூக்கக் கூடாது. “பேர்ட்ஸ் கேன் ஃப்ளை”, “கேட்ஸ் கேன் ஃப்ளை” என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். பிறகு ஃப்ளைக்குப் பதில் ஸ்விம், ஜம்ப். சீக்கிரமே ஒரு பிள்ளையைத் தலைவராக்கிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

எண்களுக்கு லோட்டோ, நம் தம்போலா மாதிரி அழைக்கும் எண்ணை அட்டையில் குறிக்கும் ஆட்டம். பிரெஞ்சில் எழுபதை அறுபதும் பத்தும் என்றும், எண்பதை நான்கு இருபது என்றும் எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கு செவன்ட்டி, எய்ட்டி எல்லாம் சுலபம். தேர்ட்டீனும் தேர்ட்டியும்தான் காதில் குழம்பும். அந்த மாதிரி ஜோடிகளாகப் பார்த்து அட்டையில் நிரப்புங்கள்.

உச்சரிப்பில் மூன்று இடங்களில் கண் வையுங்கள். பிரெஞ்சில் ‘ஹ’ ஒலிக்காது, அதனால் ஹேப்பி, ஆப்பி ஆகிவிடும். முகத்துக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, அது அசையும்படி சொல்லச் சொல்லுங்கள். த்ரீ, ‘ஸ்ரீ’ என்று வரும். நாக்கு நுனியைப் பல்லிடையே நீட்டிக் காட்டினால் சிரித்துக்கொண்டே செய்வார்கள். மூன்றாவது அழுத்தம். பிரெஞ்சில் அது கடைசி அசையில் விழும். பனானாவுக்கு நடுவில், எலிஃபென்ட்டுக்கு முதலில் என்று கை தட்டிப் பழக்குங்கள். வயதைக் கேட்டால் “ஐ ஹேவ் எய்ட்” என்பார்கள். அவர்கள் மொழியில் அப்படித்தான். விளக்கம் சொல்லாதீர்கள், “ஐ ஆம் எய்ட்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஒவ்வொரு பிள்ளையிடமும் சின்னப் பலகை ஒன்று இருக்கும். கேள்வி கேட்டதும் எல்லோரும் எழுதி, சைகை கொடுத்ததும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டுவார்கள். லியோன் நகரத்து லா மார்த்தினியேர் பள்ளியில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்த முறை இது, இன்றும் பிரெஞ்சுப் பள்ளிகளில் நடப்பில் இருக்கிறது. நன்றாகச் சொல்லும் நான்கு பேர் மட்டுமே பதில் சொல்லும் வகுப்பை இது மாற்றிவிடும். யாருக்குப் புரியவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பண்டிகைகளிலும் இதே வழிதான். பிப்ரவரி 2 அன்று வீடுகளில் கிரேப் என்ற மெல்லிய அப்பம் சுடுவார்கள். அதற்குப் பிறகு, பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஆங்கிலேயர்களின் பேன்கேக் நாளும் வரும். மாவு, முட்டை, பால் என்று செய்முறையைப் படமாக வரைந்து “ஹவ் மெனி எக்ஸ்?” என்று தொடங்கினால் அந்தப் பாடம் தானே நடக்கும். ஏப்ரல் 1இல் முதுகில் காகித மீன் ஒட்டுவார்கள், உங்கள் முதுகிலும்தான். இங்கிலாந்தில் அந்தக் குறும்பு மதியத்தோடு முடிந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள், கேள்விகள் நிற்காது.

வகுப்பின் பொறுப்பு வகுப்பாசிரியருடையது. ஆகவே முதல் வாரத்திலேயே அவரிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: பிள்ளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தர முடியுமா, நீங்கள் நடத்தியதை நீங்கள் வராத நாட்களில் தினம் ஐந்து நிமிடம் அவர் தொடர முடியுமா. இரண்டாவதற்கு அவர் சம்மதித்தால், அந்த வாரத்து வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.