கியர்பாக்ஸ் ஜாப்: ஐ.டி.ஐ. செய்முறைத் தேர்விலும் ஷெட்டிலும் கைகொடுத்தவை

மோட்டார் மெக்கானிக் பிரிவில் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மதுரை கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் படித்து, பிறகு கப்பலூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் வேலை பழகியவன் நான். தியரிக்கு 33 சதவீதம் எடுத்தால் தேறிவிடலாம், செய்முறைக்கு 60 சதவீதம் வேண்டும். அதனால் தேர்வில் கியர்பாக்ஸ் ஜாப் (செய்து காட்ட வேண்டிய வேலை) விழுந்தால் பையன்களுக்கு வயிற்றைக் கலக்கும். கழற்றுவது எல்லோருக்கும் வரும். மாட்டுவதும் பழகப் பழக வந்துவிடும். ஆனால் தேர்வாளர் தேய்ந்த ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, "இது ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்கும்போது பதில் வருகிறதா என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது. வண்டிக்காரர் கொடுக்கும் காசுக்கு நியாயமும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பாக்ஸை இறக்கும் முன்னாலேயே பாதி விடை காதுக்குக் கிடைத்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில், கிளட்சை மிதிக்காமல் கேளுங்கள். உர்ரென்று சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றுபோனால் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து சுழற்சி உள்ளே வரும் தண்டு) பேரிங்கையோ லே ஷாஃப்ட் (அதோடு பல் கோத்துச் சுற்றும் துணைத் தண்டு) பேரிங்கையோ சந்தேகப்படுங்கள். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் முதலில் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்ஜின் பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டிகளின் ஐந்து கியர் பாக்ஸில் பெரும்பாலும் நான்காவதுதான் நேரடி கியர். அதில் இன்புட் ஷாஃப்டும், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். லே ஷாஃப்ட் சுற்றினாலும் பாரம் சுமக்காது. மற்ற கியர்களில் ஊளையிடும் பாக்ஸ் நான்காவதில் மட்டும் அமைதியானால் கோளாறு லே ஷாஃப்ட் பக்கம். முன்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியில் இப்படி நேரடி கியர் கிடையாது, அங்கே இந்தச் சோதனையைச் சொல்லாதீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்த வித்தியாசத்தைச் சொன்னதும் சார் நிமிர்ந்து பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கியர் போடும்போது கரகரவென்று அரைத்தால் உடனே சிங்க்ரோ ரிங் (கியர் விழும் முன் உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுக்க மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். பாக்ஸைப் பிரித்து மேய்ந்தாலும் அந்தக் கோளாறு தீராது. ரிவர்ஸ் சுத்தமாக விழுந்து, ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால்தான் பாக்ஸை இறக்கலாம்.

ஆயிலை வடிக்கும்போது சுத்தமான தட்டில் வடியுங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல் ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் இரும்புச் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கலாம். வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது ஆயிலில் பொன் நிறத் துகள் மின்னினால் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை கரைந்துகொண்டிருக்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பதால் பிளக்கை மட்டும் பார்த்தால் இது தெரியாமலே போகும்.

இனி ஆயில் சீல், அதாவது ஷாஃப்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம். ஷெட்டில் இருந்த மூத்த அண்ணன் ஒருவர் எனக்கு முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, சீலப் பிடுங்குறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்டப் பிடிச்சு ஆட்டிப் பாருப்பா. அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுச்சுன்னா நீ போடுற புதுச் சீலும் நாலு நாளைக்குத்தான்." சீல் தானாகக் கெடுவது குறைவு. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் திறக்கும். பாக்ஸின் மேலே இருக்கும் பிரீதர் (காற்றுத் துளை) மண்ணடைத்துப் போனால், சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி ஆயிலை உதட்டின் வழியாக வெளியே தள்ளும். நம் பக்கப் புழுதிக்கு இது அடிக்கடி நடக்கும்; சீல் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் பிரீதரை ஊதிப் பாருங்கள். மூன்றாவது, சீல் உட்கார்ந்த இடத்தில் ஷாஃப்ட் பள்ளம் விழுந்திருப்பது. நகத்தை ஓட்டினால் மாட்டும். அங்கே மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் ஏற்றலாம். அல்லது இடம் இருந்தால் உதடு பள்ளத்தில் படாதபடி ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி சீலை உட்காரவைக்கலாம். எமரி போட்டால் ஷாஃப்டைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் அல்லது சாய்வாகத் தேய்த்தால் கோடுகள் திருகுமரை போல வேலை செய்து ஆயிலை வெளியே இறைத்துவிடும்.

சீலின் மேல் 35-52-7 என்று இருந்தால் ஷாஃப்ட் விட்டம், துளை விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (நீளவாக்குப் பற்கள்) மேல் டேப் சுற்றி, உதட்டில் ஆயில் தடவி, சீலின் வெளிவிளிம்பில் மட்டும் படும் குழாயை வைத்து நேராகத் தட்டுங்கள். கிளட்ச் ஹவுசிங் அடியில் கசிவு இருந்தால் அது கியர் ஆயிலா, இன்ஜினின் பின்சீலிலிருந்து வரும் இன்ஜின் ஆயிலா என்று முகர்ந்து பார்த்தே சொல்லலாம். கியர் ஆயிலின் கந்தக நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த ஷெட்டுக்குத்தான் இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஆசையாக ஓட்டப்பட்ட வண்டி. வத்தலக்குண்டு தாண்டி மேலே ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்கு எத்தனை முறை இறக்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள். மெதுவாகச் சுற்றும் இரண்டாம் கியரை ஒவ்வொரு முறையும் சிங்க்ரோ ரிங்தான் உராய்ந்து மெயின் ஷாஃப்டின் வேகத்துக்கு ஏற்ற வேண்டும். எதிர்பார்த்தபடி இரண்டாம் கியர் ரிங்தான் போயிருந்தது. ரிங்கைக் கியரின் கூம்பில் கையால் அழுத்தி, ரிங்குக்கும் கியரின் டாக் பற்களுக்கும் (கியரைப் பூட்டும் சிறு பற்கள்) நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டோம். பல பாக்ஸ்களில் புது ரிங்குக்கு இந்த இடைவெளி 1 மி.மீ. சுற்றி இருக்கும், தேயத் தேயக் குறையும். கழிக்கும் அளவை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்து எழுதாதீர்கள், சுற்றிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ரிங்கின் உட்பக்க மெல்லிய மரை ஆயில் படலத்தை வெட்டுவதற்காக இருப்பது. அது மழுங்கிப் பளபளத்தால் ரிங் கூம்பைக் கவ்வாது.

ரிங்கோடு முடிந்ததா என்றால் இல்லை. டாக் பற்களின் கூர்முனை உருண்டிருந்தது, அவற்றின் மேல் நகர்ந்து பூட்டும் ஸ்லீவின் உள்பற்களும் அப்படியே. இவற்றை விட்டுவிட்டு ரிங்கை மட்டும் மாற்றினால் வண்டி திரும்பி வரும். இந்தப் பற்களின் பக்கச் சரிவு தேய்ந்தால் ஓடும்போதே கியர் நழுவலாம். கியரின் ஓடும் பற்களில் குழியோ உடைசலோ இருந்தால் அதன் ஜோடியையும் மாற்ற வேண்டும், ஏனெனில் பழைய பல்லோடு புதுப் பல் ஒத்துப்போகாமல் ஊளையிடும். லே ஷாஃப்ட் பற்களோடு சேர்ந்து ஒரே துண்டாக இருந்தால் முழு ஷாஃப்டும் வாங்கியாக வேண்டும். அந்தச் செலவை வண்டிக்காரரிடம் பாக்ஸைப் பிரித்த அன்றே சொல்லிவிடுவது நல்லது.

இங்கே ஒரு வைவா கேள்வி: சிங்க்ரோ எல்லா வண்டியிலும் ஒரே மாதிரியா? 1928-ல் கேடிலாக் கார்கள் அதை அறிமுகப்படுத்தின. கூம்பு ரிங் வகைதான் இன்று பரவலாக இருக்கிறது. ஆனால் போர்ஷே 911-ன் பழைய 915 பாக்ஸில் வெட்டுவாய் கொண்ட வேறு வகை ரிங். புத்தகத்துக்கு வெளியே இப்படி ஓர் உதாரணம் சொன்னால், படித்ததை யோசித்தும் பார்த்திருக்கிறீர்கள் என்று தேர்வாளருக்குப் புரியும்.

கழற்றும் ஒழுங்கு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள், ஸ்லீவுக்கும் அது நகரும் ஹப்புக்கும் முதலிலேயே அடையாளம் போடுங்கள். பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் அழுத்தம் கொடுங்கள், ஹவுசிங்கில் இறக்கும்போது வெளிவளையத்தில். சூடு காட்டி ஏற்றினால் 100 டிகிரி செல்சியஸ் சுற்றிப் போதும், 125-ஐத் தாண்டக் கூடாது. கியரை மாற்றும் செலக்டர் ராடுகளுக்கு நடுவே இருக்கும் இண்டர்லாக் பின்னை மட்டும் தனிப் பொட்டலமாக வையுங்கள். இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழாமல் தடுப்பது அதுதான். அது இல்லாமல் மூடினால் பாக்ஸ் ஒருநாள் இறுகிப் பூட்டிக்கொள்ளும். மூடும் முன் கையால் சுற்றி எல்லாக் கியரையும் போட்டுக் காட்டுங்கள்.

புது ரிங்கை மாட்டும் முன் கியர் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். ஆயில் என்றால் எந்த ஆயில்? பித்தளை ரிங் உள்ள பாக்ஸுக்கு மேனுவல் ஜி.எல்-4 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) கேட்டால் ஜி.எல்-5 ஊற்றாதீர்கள். ஜி.எல்-5-ல் அதிகமாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் ஆக்ஸில் பற்களுக்கு நல்லவை. பித்தளையை அவை அரிக்கலாம், ரிங் கவ்வுவதற்கு வேண்டிய உராய்வையும் குறைக்கலாம். "உசத்தி ஆயில், எண் பெருசு" என்று கடையில் தருவார்கள், வாங்கிவிடாதீர்கள்.

வண்டி சமதளத்தில் நிற்க, லெவல் துளையில் ஆயில் வழியும் வரை ஊற்றுங்கள். அழகர்கோவில் ரோட்டில் சூடேறும் வரை ஓட்டி, பாக்ஸின் அடியைத் துடைத்து, மறுநாள் காலை மறுபடி பாருங்கள். தேர்வில் அதற்கு நேரம் இருக்காது. அங்கே ஜாப் ஷீட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: அளந்த அளவு, மேனுவல் சொல்லும் வரம்பு, தேய்ந்த காரணம். மூன்றாவது கட்டத்தைப் பெரும்பாலோர் காலியாக விடுவார்கள். நீங்கள் அதை முதலில் நிரப்பிவிட்டு மற்ற இரண்டுக்கும் வாருங்கள்.