லேப் ஸ்டீலில் ஸ ப ஸ ஸ ப ஸ: காரைக்குடி நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

மடியில் கிடத்தி, இரும்புப் பாரைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கும் கிடார்தான் லேப் ஸ்டீல். அதில் கர்நாடக சங்கீதம் வாசிக்க வேண்டும். இப்போது அது ஓப்பன் டி ட்யூனிங்கில், அதாவது திறந்த தந்திகளே டி மேஜர் கார்டாக ஒலிக்கும் முறையில், இருக்கிறது. தடித்த தந்தியிலிருந்து சொன்னால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. தந்தியின் எண்ணை மட்டும் மெல்லியதிலிருந்து எண்ண வேண்டும்; தடித்தது ஆறாவது. இரண்டு கட்டைச் சுருதியில், அதாவது டி-யை ஸ என்று வைத்தால், இது ஸ ப ஸ க ப ஸ. இதில் இடைஞ்சல் மூன்றாம் தந்தியின் காந்தாரம் ஒன்றுதான். அது அந்தர காந்தாரம். மோகனத்துக்கும் சங்கராபரணத்துக்கும் ஒத்துப்போகும். தோடி, கரகரப்ரியா என்று போனால் ஆகாது. அந்தத் தந்தியைத் தொடவே வேண்டியதில்லை. கீழ் டி தந்தியை மீட்டினாலே அதன் ஐந்தாம் ஹார்மோனிக் (ஐந்து மடங்கு அதிர்வெண் உள்ள மேல்நாதம்) எஃப் ஷார்ப்பில் விழுந்து மூன்றாம் தந்தியை எழுப்பிவிடும். அந்தரத்துக்கு அரைசுரம் கீழே உள்ள சாதாரண காந்தாரத்தில் கமகம் (ஸ்வர அசைவு) பிடிக்கும்போது பின்னால் அந்தரம் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு விடை தேடி இந்த ஊரை விட்டு எங்கும் போக வேண்டாம். வீணையில் முதல் தந்தியான சாரணி ஸ, அடுத்தது ப, பிறகு மந்தர (கீழ் ஸ்தாயி) ஸ, அதற்கும் கீழே அனுமந்தர ப. பக்கத்தில் தாளத் தந்தி மூன்றும் ஸ, ப, மேல் ஸ. காரைக்குடி வீணைச் சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் தானம் (தாளமின்றி, லய நடையோடு ராகத்தை விரிப்பது) வாசித்த அந்த ஏழு தந்தியில் ஒன்றுகூடக் காந்தாரம் இல்லை. பார் வைத்து வாசிக்கிற கோட்டுவாத்தியத்திலும் வாசிக்கும் தந்திகள் ஸ, ப மட்டுமே. லேப் ஸ்டீலிலும் காந்தாரத்தை எடுத்துவிட வேண்டியதுதான். எடுத்த இடத்தில் ஸ: ஸ ப ஸ ஸ ப ஸ.

மார்ச் 5, புதன்

இருக்கிற தந்தியையே எஃப் ஷார்ப்பிலிருந்து டி-க்கு இறக்கினால் போதாதா என்றால், போதாது. கணக்கு இதோ. ஸ்கேல் நீளம், அதாவது தந்தியின் அதிரும் நீளம், 22.5 அங்குலம். மூன்றாம் தந்தி 0.026 அங்குலத் தடிமன், வவுண்ட் (மேலே கம்பி சுற்றியது; சுற்றாதது ப்ளெயின்). எஃப் ஷார்ப்பில் அதன் இழுவிசை சுமார் 10.3 கிலோ. நான்கு அரைசுரம் இறக்கினால் 6.5 கிலோவுக்கு வந்துவிடும். அந்தத் தொய்வில் பார் அழுத்தும் இடமெல்லாம் சுருதி ஏறும், தந்தி பாரில் அடித்து இரையும். மேலே ஏ-க்கு ஏற்றினாலோ 14.6 கிலோ. அறுந்தாலும் அறுந்துவிடும்.

ஆகவே தந்தியை மாற்ற வேண்டும். 0.032 வவுண்ட் போட்டால் டி-யில் 9.9 கிலோ. மற்றவை: முதல் தந்தி 0.016 ப்ளெயின் 11.6, இரண்டாவது 0.020 ப்ளெயின் 10.2, நான்காவது அதே 0.032, ஐந்தாவது 0.042 சுமார் 9.3, ஆறாவது 0.054 சுமார் 7 கிலோ. ஆறாவது தொய்வுதான், ஆனால் அதில் பார் படவே போவதில்லை, சுருதிக்கு மட்டும் என்பதால் பரவாயில்லை.

கடையில் தனித் தந்தி கிடைப்பது அரிது. எலக்ட்ரிக் கிடார் 12–54 செட்டில் (எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் பங்கு), மூன்றாம் தந்தி ப்ளெயினாக வருகிற வகையில், 12, 16, 20, 32, 42, 54 இருக்கும். 12-ஐ ஒதுக்கிவிட்டு, இரண்டாவது 32-க்காக இன்னொரு செட் வாங்கினால் முடிந்தது. அக்கூஸ்டிக் செட்டிலும் 32, 42 உண்டு. ஆனால் வெண்கலச் சுற்று என்பதால், தந்தியின் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கும் பிக்கப்பில் சத்தம் குறைவாக வரும். அதை வாங்கக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று தந்தியின் இரு முனைகளையும் தாங்கும் கட்டைகளின் வேலை: கீ பக்கம் நட், மறுபக்கம் பிரிட்ஜ். சாதாரண கிடாரில் தந்தியின் உயரம் சற்று முன்பின் இருந்தால் விரல் சரிசெய்துகொள்ளும். இங்கே நேரான இரும்புப் பார். ஆறு தந்தியின் மேல்முனையும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். பழைய 26 தந்தியின் காடியில் 32-ஐ வைத்தால் 0.15 மி.மீ. மேலே துருத்தும், பார் அதன்மேல் ஏறி நிற்க, பக்கத்துத் தந்தி இரையும்.

ஊசி அரத்தால் நட்டிலும் பிரிட்ஜிலும் அந்த ஒரு காடியை மட்டும் அதே 0.15 மி.மீ. ஆழப்படுத்தி, அகலத்தையும் 0.8 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே கொண்டுவர வேண்டும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை தந்தியைப் போட்டு, மேலே ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது. ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். நட்டில் அரம் கீ இருக்கும் பக்கம் சாய்வாக இறங்கட்டும். தந்தி காடியின் முன்விளிம்பில்தான் உட்கார வேண்டும், இல்லையென்றால் திறந்த தந்தி சிதார் மாதிரி இரையும். கடைசியாகப் பென்சில் கரியைக் காடியில் தேய்த்தால் கீயைத் திருப்பும்போது தந்தி சிக்காது.

மார்ச் 11, செவ்வாய்

சுருதி சேர்ப்பது. ட்யூனர் ஒரு டி-க்கு மட்டும் போதும், மற்றதெல்லாம் காதால். மூன்றும் நான்கும் ஒரே டி, ஆகவே சிறிய பிசகும் சத்தம் கூடிக் குறையும் அலையாகக் கேட்கும். அந்த ஸ்தாயியில் நொடிக்கு ஓர் அலை என்றால் ஏறத்தாழ 12 செண்ட் விலகல் (ஓர் அரைசுரத்துக்கு 100 செண்ட்). ஐந்து நொடிக்கு ஓர் அலை என்ற அளவுக்கு அடங்கினால் சேர்ந்துவிட்டது. பஞ்சமத்தை ட்யூனர் காட்டும் 220 ஹெர்ட்ஸில் நிறுத்தினால் டி-யின் மூன்றாம் ஹார்மோனிக்கோடு இரண்டு நொடிக்கு ஓர் அலை அடிக்கும். 220.25-ல் அது நின்றுவிடும். வெறும் 2 செண்ட்தான், ஆனால் தம்புராவோடு வைத்தால் வித்தியாசம் காதில் விழும்.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் நட்டில் தங்கிய தொய்வு முதல் ஜாருவிலேயே (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குச் சறுக்குவது) வெளிவந்துவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

இந்த ட்யூனிங்கின் உயிர் பார் பிடிப்பதில் இருக்கிறது. பாரை ஆறு தந்தியின் மேலும் படுக்க வைத்தால் சுருதித் தந்திகளும் கூடவே நகர்ந்துவிடும். ஸ-வும் ப-வும் காணாமல் போகும். பாரின் பின்பக்கத்தை உயர்த்தி, முனை மட்டும் முதல் மூன்று தந்தியில் படும்படி சாய்க்க வேண்டும். உடம்புப் பக்கம் இருக்கும் 4, 5, 6 திறந்தே இருக்கும். இரண்டு டி வைத்ததன் பயன் இங்கேதான்: மூன்றாவதில் மந்தர ஸ்தாயி வாசிக்கலாம், நான்காவது அசையாத ஸ.

19 மி.மீ. விட்டம், 76 மி.மீ. நீளம், சுமார் 170 கிராம் எடையுள்ள, முனை உருண்ட பார் இதற்குத் தோது. அதைவிடக் கனமானது நீண்ட நாதத்துக்கு நல்லது, ஸ்வரத்தை நடுக்கும் கம்பிதத்துக்கு மந்தம்.

பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தியில் படுத்திருக்கும். பின்பக்க ஒலியை அடக்குவது அவைதான். வழக்கமான பிடியில் அவை ஆறு தந்தியையும் அடக்கிவிடும். மோதிர விரலின் நுனியை மட்டும் முதல் மூன்றில் வைத்து, சுண்டு விரலைத் தூக்கிவிட வேண்டும். இது கைக்குப் பழக நாளாகும். அதுவரை சுருதி விட்டுவிட்டுத்தான் கேட்கும்.

தானத்துக்குப் பெருவிரல் பிக் 4-லும் 5-லும் மாறி மாறி விழட்டும், ஆள்காட்டி விரல் முதல் தந்தியில். ஆறாவதை ஒவ்வொரு தானத் தொடரின் முடிவுக்கு வைத்துக்கொண்டால் போதும்; அடிக்கடி அடித்தால் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

மார்ச் 22, சனி

பலகையில் வரைந்த கோடுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைசுரமாகப் பிரிக்கும் சமப்பிரிப்புக் கோடுகள். கர்நாடக ஸ்வரம் அங்கே இல்லை. திறந்த தந்தியை ஸ என்று வைத்து 571.5 மி.மீ. நீளத்துக்குக் கணக்கிட்டால், அந்தர காந்தாரம் நட்டிலிருந்து 114.3 மி.மீ.; நான்காம் கோடோ 117.9-ல். ஆக 3.6 மி.மீ. நட் பக்கம் பின்வாங்க வேண்டும். சாதாரண காந்தாரம் 95.3-ல், மூன்றாம் கோட்டைத் தாண்டி 4.3 மி.மீ. சுத்த ரிஷபம் முதல் கோட்டைத் தாண்டி 3.6 மி.மீ. சுத்த தைவதம் எட்டாம் கோட்டைத் தாண்டி 2.8. காகலி நிஷாதம் பதினொன்றாம் கோட்டுக்கு 2 மி.மீ. பின்னால். ம-வும் ப-வும் அரை மி.மீ.க்குள் கோட்டிலேயே இருக்கின்றன.

இவை தொடங்கும் இடங்கள் மட்டுமே. தோடியின் காந்தாரத்தை 95.3-ல் நிறுத்தினால் அது தோடியே அல்ல. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அது அசைந்துகொண்டிருக்க வேண்டும். சுருதி திறந்து ஒலிப்பதால் அந்த அசைவு எங்கிருந்து எங்கே போகிறது என்பது துல்லியமாகக் கேட்கிறது. காந்தாரத் தந்தியோடு இது கிடைக்கவே கிடைக்காது.

மார்ச் 29, சனி

சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப்பில் கரண்டால் வரும் ஹம் என்ற ரீங்காரம் இந்தச் சுருதியில் கூடுதலாக உறுத்துகிறது. காரணம் இருக்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டி-யை ஸ என்றால் 50-ம் 100-ம் சுத்த மத்யமத்துக்கு 35 செண்டுக்கு மேல் ஏறி, எந்த ராகத்துக்கும் ஆகாத இடத்தில் விழுகின்றன. வாத்தியத்தை மெல்லச் சுற்றினால் ஏதோ ஒரு திசையில் ஹம் அடங்கும். அந்தத் திசையில் உட்கார வேண்டும். பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் உண்டு. தந்தி, பார், கை எல்லாம் ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தவை என்பதால், எலக்ட்ரீஷியன் எர்த்தைப் பார்த்துச் சொல்லும்வரை அங்கே செருகவே கூடாது.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும் உள்ள கூடத்தில் கீழ் டி சுழன்றுகொண்டே இருக்கும். ரிவர்பை முழுதாக மூடி, பாஸைக் குறைத்து, ஆம்ப்பின் முன் ஜமுக்காளம் விரித்தால் ஸ்வரம் தெளியும். வளவில் (வீட்டின் நடுமுற்றம்) வெயில் ஏறும்போது தந்தி சூடாகிச் சுருதி இறங்கும். வாத்தியத்தை வாசிக்கும் இடத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு சேர்ப்பது உத்தமம்.

ஏப்ரல் 5, சனி

பஞ்சமம் இல்லாத ஹிந்தோளத்துக்கும் ஸ்ரீரஞ்சனிக்கும் 2, 5 இரண்டையும் ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கினால் ஸ ம ஸ ஸ ம ஸ. இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும்: இரண்டாவது 8.1 கிலோ, ஐந்தாவது 7.4. வாசிக்கத் தடையில்லை, பாரை மட்டும் இன்னும் லேசாக வைக்க வேண்டும். இரண்டாம் தந்தியில் ஸ ஐந்தாம் கோட்டிலிருந்து ஏழாம் கோட்டுக்குப் போய்விடும். கை பழைய இடத்தைத் தேடும். திரும்ப ஏ-க்கு ஏற்றும்போது ஐந்தாவதை முதலில், இரண்டாவதைப் பிறகு.

மெல்லிசையில் கார்ட் பிடிக்க இந்த ட்யூனிங் உதவாது. மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. பாரைச் சாய்த்து இரண்டு ஸ்வரம் சேர்க்கும் ஹவாய் பாணி ஸ்லாண்டும் பெரும்பாலும் போய்விடும். அந்த வாசிப்புக்கு ஓப்பன் டி-யோ சி சிக்ஸ்தோ உள்ள இன்னொரு வாத்தியம் வேண்டும். 0.032-க்கு அரம் போட்ட காடியில் பழைய 0.026 தந்தி தாழ்ந்து உட்கார்ந்து, பார் அதைச் சரியாகத் தொடாது. ஒரே வாத்தியத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி வைக்க விரும்பினால் இரண்டு நட், இரண்டு பிரிட்ஜ் எடுத்துவைக்க வேண்டும்.