சித்திரையில பாத்த வீடு

பன்னண்டு வருஷமா நான் பாக்குற வேலை இதுதாங்க. லோன் கேட்டு வர்றவங்க வாங்கப் போற வீட்ட நேர்ல போய் பாத்து, அளந்து, போட்டோ எடுத்து, இது இவ்ளோ போகும்னு பேங்க்குக்கு எழுதிக் குடுக்கணும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டமும் என் ஏரியா. காலைல பாலக்கோட்டுல ஒண்ணு, மதியம் காவேரிப்பட்டணத்துல ஒண்ணு, பொழுது சாயறதுக்குள்ள ராயக்கோட்டைல ஒண்ணுன்னு பைக்லயே ஓடும். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம், மிஞ்சிப் போனா முக்கா மணி.

ரிப்போர்ட்ல "சுற்றுப்புறம்"னு ஒரு கட்டம் இருக்கும். நல்லது, சுமார், மோசம்னு மூணு. நான் பெரும்பாலும் நல்லதுன்னு டிக் அடிச்சிட்டு அடுத்த பக்கம் போயிருவேன். வில்லங்கம், மூலப்பத்திரம், பஞ்சமி நிலமா இல்லியா, அதெல்லாம் வக்கீல் பாத்துருவாரு. செவுரு, தளம், அளவு, வெல, இது என்னோடது. ஊர் எப்பிடின்னு கேக்க வேண்டியது யாருன்னு நாங்க யாருமே யோசிச்சதில்ல.

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு. ஏரி நெறஞ்சு, ரோட்டோரம் நின்ன வண்டியெல்லாம் தண்ணி உருட்டிட்டுப் போனத டிவில பாத்திருப்பீங்க. வறண்ட மாவட்டம், இங்க எங்க வெள்ளம் வரப் போகுதுன்னு நெனச்சிட்டு இருந்த ஆள்ல நானும் ஒருத்தன். மூணாவது நாள் எனக்கு ஒரு போன். அந்தப் பக்கம் ஒரு கொட்டாய்ல (எங்க பக்கம் சின்ன குடியிருப்ப அப்பிடித்தான் சொல்வோம்) நான் பாத்துக் குடுத்த வீட்ட வாங்குனவரு. "சார், நீங்கதானே வந்து பாத்தீங்க, வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்குது சார்"ன்னாரு. கோவமா பேசியிருந்தா கூட தாங்கியிருப்பேன், அவரு என்ன பண்றதுன்னு என்கிட்ட கேக்கறாரு.

மறுநாள் போனேன். நான் முன்ன பாத்தது சித்திரை வெயில்ல. அப்ப வீட்டுக்குப் பக்கத்துல சீமக்கருவேல முள்ளு மண்டி, குப்பை கொட்டி, ஒரு பள்ளம் மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான். நெலத்த அளந்து போட்ட சர்வே வரைபடம், எஃப்எம்பிம்பாங்க, அதுல அங்க ரெண்டு கோடு போகுது, ஏரி நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற கோடி வாய்க்கா அது. வீடு அதுக்குள்ள வரல, தள்ளித்தான் இருக்கு, அதனால பேப்பர் பிரகாரம் தப்பே இல்ல. ஆனா தூர்ந்து போன வாய்க்காவுல ஏரித் தண்ணி வந்தா அது எங்க ஏறும்னு நான் பாத்திருக்கணும். பக்கத்து வீட்டு அம்மா சேத்த வாரிக்கிட்டே சொன்னாங்க, "2021-லயும் திண்ணை வரைக்கும் வந்துச்சுங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், நீங்க டேப்ப புடிச்சிட்டு நின்னீங்க, யாரையும் ஏறெடுத்தே பாக்கல." அந்த வார்த்தை இன்னும் என்கூட வண்டில வந்துட்டே இருக்கு.

அதுக்கப்புறம் அளந்து முடிச்சாலும் நான் உடனே கெளம்பறதில்ல. குழாயடியோ டீக்கடையோ, பத்து நிமிஷம் ஒக்காந்துருவேன்.

தண்ணியப் பத்தித்தான் மொதல்ல கேப்பேன். விக்கறவங்க போர் 900 அடி, ரெண்டு இஞ்ச் தண்ணின்னு சொல்வாங்க, வாங்கறவங்களும் மோட்டார போட்டுப் பாத்துட்டு சந்தோஷமா திரும்பிருவாங்க. நம்ம பக்கத்துப் பாறையில இருக்குற ஃபுளோரைடு தண்ணில கரைஞ்சு வர்றது எல்லாருக்கும் தெரியும், ஆனா வீடு பாக்கப் போறப்ப மறந்துருவாங்க. உப்புத் தண்ணின்னா பருப்பு வேகாது, பொம்பளைங்க ஒடனே சொல்லிருவாங்க. ஃபுளோரைடுக்கு ருசியும் இல்ல வாசமும் இல்ல, காய்ச்சுனாலும் போகாது. குடிக்கற தண்ணில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 1.5, அதுக்கு மேல போனா சின்னப் புள்ளைங்க பல்லுல பழுப்புக் கோடு விழும், ரொம்ப வருஷம் குடிச்சா முட்டி, முதுகெலும்புன்னு எறங்கும். அதனால பள்ளிக்கூடம் விடற நேரத்துக்குப் போய் நில்லுங்க, புள்ளைங்க சிரிக்கறப்ப பல்லப் பாருங்க, ஒரு வாட்டர் பாட்டில்ல போர் தண்ணியப் புடிச்சி குடிநீர் வடிகால் வாரியத்து லேபுக்குக் குடுங்க. 2013-லேர்ந்து ஒகேனக்கல் தண்ணி வருது, ரொம்பப் பெரிய புண்ணியம் அது, ஆனா அந்தத் தெருவுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா வருது, மேட்டு வீட்டுக்கு ஏறுதான்னு குழாயடியில நிக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது தடம். இதுலயும் நான் ஒரு தப்பு பண்ணிருக்கேன். காரிமங்கலம் பக்கம் ஒரு வாத்தியார் வாங்குன வீடு, மாந்தோப்புக்கு நடுவுல, பாக்கவே ஆசையா இருக்கும். என் பைக் வீட்டு வாசல் வரைக்கும் போச்சு, அதனால பாதை உண்டுன்னு எழுதிட்டேன். அந்தப் பாதை வித்தவரோட பங்காளி பட்டா நெலத்துல போகுது, வரைபடத்துல வண்டிப்பாதைன்னு எதுவும் இல்ல, பத்திரத்துல மாமூல் தட வழிநடை பாத்தியம்னு, அதாவது அந்தப் பாதையில போய் வர உரிமை உண்டுன்னு, ஒரு வரி கூட இல்ல. வித்தவருக்கும் பங்காளிக்கும் தகராறு வந்ததும் குறுக்க கல்லு நட்டு முள்ளு போட்டுட்டாங்க. வாத்தியாரோட அம்மா இடுப்பு ஒடிஞ்சு கெடந்தப்ப ஆம்புலன்ஸ் ரோட்டுலயே நின்னுடுச்சு, கயித்துக் கட்டில்ல வச்சி நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்களாம். இப்ப நான் பத்திரத்துல அந்த வரியத் தேடாம ரிப்போர்ட் எழுதறதில்ல. கொட்டாய்ல வீடு வாங்கறவங்க ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி அந்த வரி இருக்கான்னு தயவுசெஞ்சு பாருங்க, பின்னாடி பேசிக்கலாம்னு விட்டா கோர்ட்டுக்கு அலையணும்.

மத்ததெல்லாம் எடத்துக்கு எடம் மாறும். கல்குவாரி பக்கம்னா வெடி வைக்கற நேரத்துல போங்க. மாந்தோப்ப ஒட்டுனாப்புல வீடுன்னா பூ எடுக்கற தை, மாசியில மருந்தடிப்பாங்க, கைக்கொழந்த இருந்தா அத யோசிக்கணும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம்னா ராகி முத்துற மாசத்துல கடைசி பஸ்ல எறங்கி நடந்து வர முடியுமான்னு கேளுங்க, பன்னர்கட்டா காட்டுலேர்ந்து ஜவளகிரி வழியா யானைக்கூட்டம் வருஷா வருஷம் வர்றதுதான், யானைய ஒண்ணும் சொல்ல முடியாது, அதுக்கு அது வழி. வெல சொல்றதுக்கு முன்னாடி "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேக்கற ஊரும் இருக்கு. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் வலிக்கும். அந்தக் கேள்விய எந்த ரிப்போர்ட்லயும் என்னால எழுத முடிஞ்சதில்ல, வாங்கறவங்ககிட்ட மட்டும் தனியா சொல்லிருவேன்.

இப்ப நாங்களே வீடு பாத்துட்டு இருக்கோம். தர்மபுரியில பதினாறு வருஷமா வாடகை வீடு. காவேரிப்பட்டணத்துக்குப் போற வழியில ஒரு கொட்டாய், 6 சென்ட், ரெண்டு ரூம், பின்னாடி ரெண்டு தென்னை. காலைல ஒருக்கா, ராத்திரி ஒம்போது மணிக்கு ஒருக்கா, போச்சம்பள்ளி சந்தைக்கு ஊரே கெளம்புற ஞாயித்துக்கெழம ஒருக்கான்னு மூணு தடவ நான் போய் வந்துட்டேன். நாலாவது தடவ என் வீட்டுக்காரம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டுப் போனேன். வீட்டுக்காரம்மா செவுத்தையும் பாக்கல தளத்தையும் பாக்கல, நேரா எதிர் வீட்டு பாட்டிகிட்ட போய் ஒக்காந்து, "இங்கேர்ந்து எத்தன பொம்பளப் புள்ளைங்க காலேஜ் போகுதுங்க"ன்னு கேட்டாங்க. பாட்டி வெரல விட்டு எண்ணுச்சு, ஏழு பேரு, அதுல ரெண்டு நர்சிங். எத்தனையோ வீட்டுக்கு போயிருக்கேன், அந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல, ஒரு பொண்ண வச்சிக்கிட்டும் தோணல.

தண்ணி ரிசல்ட் 1.3 வந்திருக்கு. குடிக்க ஒகேனக்கல் தண்ணி, பொழங்க போர் தண்ணின்னு வச்சுக்கலாம்னு பேசிக்கிட்டோம். தட பாத்தியம் பத்திரத்துல இருக்கு. விக்கறவரு ஆவணி முடியறதுக்குள்ள அட்வான்ஸ் போடுங்க, வேற பார்ட்டி நிக்குதுன்னு தெனம் போன் பண்றாரு. ஐப்பசி மழை ஒண்ணு பாத்துட்டு சொல்றோம்னு சொல்லிட்டேன், போனா போகட்டும். வீட்டுக்குப் பின்னாடி ஏரி ரெண்டு பர்லாங் தூரத்துலதான். பாட்டி அவங்க வீட்டுச் செவுத்துல முட்டி ஒசரத்துக்குக் கீழ ஒரு கறையத் தொட்டுக் காமிச்சு, "மழ பேஞ்சதும் வா சாமி, உங்க வாசல்ல எதுவரைக்கும் வருதுன்னு நீயே பாரு"ன்னு சொல்லிருக்கு. நேத்து பாலக்கோட்டுல நல்லா தூறல், அங்க இன்னும் ஒரு சொட்டு விழல.