பாரமான நாட்களில் தாலந்தைக் கையில் எடுப்பது எப்படி

"எல்லாம் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." வியாதி, கடன், துக்கம், குடும்பப் பிரிவு, மனச்சோர்வு என்று ஏதோ ஒன்றின் நடுவில் நிற்கிற விசுவாசிகள், தங்களுக்குத் தாலந்தாக, அதாவது தேவன் தந்த வரமாக, இருக்கிற பாட்டையும் எழுத்தையும் தூரிகையையும் ஓரமாக வைக்கும்போது சொல்லும் வார்த்தை இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதத்தில் வேலை நடந்த வரிசை வேறு மாதிரி இருக்கிறது.

யாத்திராகமம் 31-ம் அதிகாரத்தில் தேவன் பெசலெயேலைப் பெயர்சொல்லி அழைத்து, விநோதமான வேலைகளை, அதாவது கலைநயமுள்ள வேலைகளை, செய்வதற்கு அவனை தேவ ஆவியினால் நிரப்பினதாக மோசேயிடம் சொல்கிறார். அகோலியாபைத் துணைக்குக் கொடுக்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே ஜனங்கள் செய்து வணங்கின பொன் கன்றுக்குட்டி. கற்பலகைகள் உடைகின்றன, ஏறக்குறைய மூவாயிரம் பேர் ஒரே நாளில் சாகிறார்கள், பாளயமே துக்கத்தில் மூழ்குகிறது. அதற்குப் பிறகு 35-ம் அதிகாரத்தில்தான் மோசே ஜனங்களுக்கு முன்பாக அதே பெசலெயேலின் பெயரைச் சொல்கிறார். அழைப்பு மாறவில்லை, ஆளும் மாறவில்லை. தேவனை ஆராதிப்பதற்கான ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளை நெய்தவர்களும் பொன்னை அடித்தவர்களும் சற்று முன்புதான் தங்கள் சொந்தக்காரரைப் பறிகொடுத்த ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இன்னொரு பகுதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் சோர்ந்திருப்பவரை அது பயமுறுத்துகிறது. தாலந்து உவமை. எஜமான் ஒருவன் மூன்று ஊழியக்காரரிடம் தாலந்து என்ற பணத்தை ஒப்படைத்துப் போகிறான்; மூன்றாவது ஆள் தன்னுடையதை மண்ணில் புதைத்து வைத்துத் தண்டனை பெறுகிறான். "புதைத்து வைத்தேனே, எனக்கும் அந்த மூன்றாவது ஊழியக்காரனுடைய கதிதானோ" என்று நடுங்குகிறவர்கள் மத்தேயு 25:15-ஐ மெதுவாக வாசிக்க வேண்டும். எஜமான் "அவனவனுடைய திறமைக்குத் தக்கதாக" கொடுத்தான். ஐந்து தாலந்துக்காரனுக்கும் இரண்டு தாலந்துக்காரனுக்கும் 21-ம் வசனத்திலும் 23-ம் வசனத்திலும் ஒரே பாராட்டுதான் கிடைக்கிறது. உடம்பு முடியாமல் படுத்திருக்கிற மாதத்தில் உங்களிடம் இருக்கிற பெலன் இரண்டு தாலந்து அளவு என்றால், ஐந்துக்குரிய கணக்கை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது ஆள் புதைத்ததற்குக் காரணம் பெலவீனம் அல்ல. எஜமானைக் கடினமானவன் என்று நினைத்துப் பயந்ததுதான்.

ஆகவே முதல் வேலை, பெலனுக்குத் தக்க அளவில் வேலையை வெட்டிக்கொள்வது. நாட்களை மூன்றாகப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மோசமான நாளுக்குப் பத்து நிமிடம், சுமாரான நாளுக்கு அரை மணி நேரம், நல்ல நாளுக்கு அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம். இதில் பலரும் தவறவிடுவது கடைசி வரம்பு. நல்ல நாள் வந்தவுடன், விட்டுப்போன ஒரு வாரத்தையும் அன்றைக்கே பிடித்துவிடப் பார்த்து நான்கைந்து மணி நேரம் உட்காருவார்கள். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. பிறகு "எனக்குத் தொடர்ந்து செய்யவே வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்று கை துறுதுறுக்கும்போதே நிறுத்துவது நல்லது. நீண்டகால நோயோடு இருப்பவர்களுக்கு இது சட்டம் மாதிரி.

மோசமான நாளுக்கான வேலையை நல்ல நாளிலேயே தயார் செய்து வைக்க வேண்டும். சோர்ந்த மனதுக்கு வேலையைவிட அதிகப் பாரம் தருவது முடிவெடுப்பது: எந்த நிறம், எந்தத் தலைப்பு, எங்கே ஆரம்பிப்பது? எழுதுகிறவர்கள் நிறுத்தும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு, அடுத்து வரவேண்டியதை ஓரத்தில் ஒரு வரியாகக் குறித்து வைக்கலாம். வரைகிறவர்கள் அஞ்சலட்டை அளவுக் காகிதங்கள் பத்து, ஒரு 2பி பென்சில், இரண்டே நிறங்கள் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் கலந்தால் வெளிர் சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை வரும். ஒரு முழு ஓவியத்துக்கு அது தாராளம். பின்னல் வேலை செய்கிறவர்கள் இரண்டு வரிசைக்கு ஒருமுறை திரும்பி வருகிற எளிய மாதிரியையும் வெளிர்நிற நூலையும் எடுப்பது நல்லது. கருநிற நூலில் கண்ணிகள் சரியாகத் தெரியாது, தவறிய கண்ணியைத் தேடித் தேடியே களைத்துப் போவீர்கள். விரல் மூட்டில் வலி இருந்தால் தடித்த கைப்பிடியுள்ள ஊசியை வாங்கி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை விரித்து நீட்டுங்கள்.

பாடுகிறவர்களுக்குத் துக்கம் நேராகத் தொண்டையில்தான் வந்து உட்காரும். குரல்வளைத் தசைகள் இறுகி, மூச்சு மேலோட்டமாகி, மேல் சுரங்கள் உடையும். அந்த நேரத்தில் குரலை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் தொண்டை புண்ணாகும். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம் வாயை மூடி முனகிப் பாருங்கள். பிறகு பாட்டை ஒரு கட்டை இறக்கி எடுங்கள், கீபோர்டில் என்றால் டிரான்ஸ்போஸ் இரண்டு படி கீழே. எந்த வரியில் அழுகை வரும் என்பது பெரும்பாலும் உங்களுக்கே தெரியும். அந்த வரியைக் குழுவில் இன்னொருவர் தாங்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சபையார் சேர்ந்து பாடுவதன் அருமை அங்கேதான். ஒருவர் வாய் அடைத்து நிற்கும்போதும் பாட்டு நிற்காது.

இனி எதைப் படைப்பது என்ற கேள்வி. உள்ளே வேதனையும் வெளியே "அல்லேலூயா"வுமாக எழுதப்படுகிற பாடல்களையும் கவிதைகளையும் வாசிக்கிறவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சங்கீதக்காரர்கள் அப்படி எழுதவில்லை. 13-ம் சங்கீதம் ஆறே வசனம். கற்றுக்கொள்ள இதைவிடச் சிறிய, முழுமையான மாதிரி கிடைக்காது. முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தரம் வருகிறது. 3, 4 வசனங்களில் விண்ணப்பம்: என்னை நோக்கிப்பாரும், என் கண்களைத் தெளிவாக்கும். 5-ல் நம்பிக்கை, 6-ல் பாடுவேன் என்ற தீர்மானம். முறையீடு, விண்ணப்பம், நம்பிக்கை, துதி. புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை இந்தப் பாதையில்தான் நடக்கின்றன.

இதை அப்படியே எடுத்து எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்தை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் "எதுவரைக்கும்" என்று தொடங்கும் நான்கு கேள்விகள். "வாழ்க்கை கஷ்டம்" என்று பொதுவாக எழுதாமல், மருந்துச் சீட்டையும் பேசாமல் போன மகனையும் தூக்கம் வராத மூன்று மணியையும் எழுதுங்கள். இரண்டாவது கட்டத்தில் தேவனிடம் ஒரே ஒரு வேண்டுகோள், வினைச்சொல்லோடு: பாரும், தாரும், திறவும். மூன்றாவதில் கடந்த காலத்தில் அவர் செய்த ஒன்று, நடந்தது நடந்தபடி. நான்காவதில் ஒரு வரி. இங்கே கெட்டுப்போகிற இடம் எது என்றால், முதல் கட்டத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு நான்காவதற்கு ஓடுவது. முறையீடு குறைந்தால் துதி லேசாகிவிடும். நான்காவது கட்டம் எழுத வரவே இல்லையென்றால் காலியாக விடுங்கள். எஸ்ராகியனாகிய ஏமானின் 88-ம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார். அந்த ஒரு சங்கீதத்துக்காக நான் தேவனுக்கு அடிக்கடி நன்றி சொல்வதுண்டு.

துக்கம் அளவில்லாமல் பெரியதாக இருக்கும்போது, வடிவத்தை இறுக்கமாக்குவது உதவும். எருசலேம் விழுந்தபின் எழுதப்பட்ட, வேதத்திலுள்ள புலம்பல் புத்தகத்தைப் பாருங்கள். 1, 2, 4 ஆகிய அதிகாரங்களுக்கு 22 வசனங்கள், எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று. 3-ம் அதிகாரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று, ஆக 66. 5-ம் அதிகாரத்துக்கு 22 வசனம் உண்டு, அகரவரிசை இல்லை. நகரமே சாம்பலான நிலையில் எழுத்து வரிசைப்படி அழுதிருக்கிறார்கள்! அடுத்த எழுத்து எது என்பது தெரிந்திருப்பதால் மனது ஒரு வேலையைப் பிடித்துக்கொள்கிறது, கடைசி எழுத்து வந்ததும் அன்றைய அழுகைக்கு ஒரு கரையும் கிடைக்கிறது. தமிழில் அ முதல் ஔ வரை பன்னிரண்டு வரி எழுதலாம். 'ஐ'யில் கொஞ்சம் யோசிக்க வேண்டிவரும், 'ஔ'வில் நின்றே விடுவீர்கள். 'ஔடதம்' என்ற சொல் இருக்கிறது, கைகொடுக்கும். இந்தக் கடைசி வரியைக் கவிதையின் உச்சமாக்கப் பார்க்காதீர்கள். வருகிறபடி வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. படைப்பு வரத்தை மருந்தாக நினைத்துவிடக் கூடாது. 18-ம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர், போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து ஓல்னி பாடல் புத்தகத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட ஞானப்பாட்டுகளை எழுதினார். அது 1779-ல் வெளிவந்தது. 1773-லேயே அவரைக் கொடிய மனநோய் மறுபடியும் தாக்கியிருந்தது. 1800-ல் இறக்கும்வரை அவர் அதிலிருந்து முழுவதும் விடுபடவில்லை. தச்சு வேலை செய்தார், தோட்டம் போட்டார், முயல் வளர்த்தார், ஹோமரை மொழிபெயர்த்தார். அவருடைய பாடல்கள் எத்தனையோ பேரைத் தாங்கின, அவரைக் குணமாக்கவில்லை. எழுதியும் பாரம் குறையவில்லையே என்று உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்க வேண்டாம்.

சோர்வும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்து, தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இன்றைக்கே, இந்த மணி நேரத்திலேயே, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து, தூங்கவிட்டு, திரும்ப எழுப்பிச் சாப்பிட வைத்தான். அடுத்த ஊழியத்தைப் பற்றிய பேச்சு ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது.

சபை வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடத் தெரிந்தவருக்கும் எழுதத் தெரிந்தவருக்கும் சபையில் ஓய்வு கிடைப்பது அரிது. "முடியாது" என்று மொட்டையாகச் சொன்னால் மனஸ்தாபம், "ஜெபித்துச் சொல்கிறேன்" என்று இழுத்தால் கடைசி நேரத்தில் நெருக்கடி. போதகரிடம் இப்படிச் சொல்லலாம்: "ஐயா, அடுத்த மூன்று மாதம் ஆராதனை நடத்த எனக்குப் பெலன் இல்லை. பின்வரிசையில் சேர்ந்து பாடுகிறேன். மூன்றாவது மாதம் நானே வந்து உங்களிடம் பேசுகிறேன்." எவ்வளவு காலம், எது முடியாது, எது முடியும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

வேதனையிலிருந்து பிறந்ததை எப்போது வெளியே காட்டுவது? முதலில் தேவனுக்கும் உங்களுக்கும் மட்டுமான நோட்டு. பிறகு, திருத்தாமல் கேட்கக்கூடிய ஒரே ஒருவர். சபைக்கும் இணையத்துக்கும் அதற்குப் பிறகுதான். சத்தமாக வாசித்து முடிக்க முடியவில்லை என்றால் காயம் இன்னும் திறந்திருக்கிறது, பொறுங்கள். கணவர், மனைவி, பிள்ளை, பெற்றோர் என்று யாருடைய அந்தரங்கமாவது அதில் வந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே விடக் கூடாது, பெயரை மாற்றினாலும்.

வெளியே வந்தது நிராகரிக்கப்படவும் கூடும். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, அவருக்காக எழுதுகிற பாரூக் எழுதின சுருளை, மூன்று நாலு பத்தி வாசிக்கப்பட்டவுடன் யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பில் போட்டான். எரேமியாவும் பாரூக்கும் இன்னொரு சுருளை எடுத்து, எல்லாவற்றையும் மறுபடியும் எழுதி, அதிகமான வார்த்தைகளையும் சேர்த்தார்கள். முதல் சுருளை எழுதின அதே நாட்களில்தான் பாரூக் "இளைப்பாறுதலைக் காணேன்" என்று தவித்தான். எரேமியா புத்தகத்தின் 45-ம் அதிகாரத்தில் அவனுக்குக் கிடைத்த பதில் இது: "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே." கூடவே, போகிற இடமெல்லாம் அவன் பிராணனைக் காப்பதாக வாக்கு. எழுதுகிற ஒருவருக்குச் சொல்லப்பட்ட இந்த வார்த்தையை, பார்வையாளர் எண்ணிக்கையையும் விருப்பக்குறிகளையும் எண்ணி வாடுகிறவர்கள் மேசையில் ஒட்டி வைக்கலாம்.

கடைசியாக, உதவி கேட்பது. "ஏதாவது வேண்டுமா?" என்று யாராவது கேட்டால் பெரும்பாலோர் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்புவிடம் வைத்துவந்த மேலங்கி, புஸ்தகங்கள், விசேஷமாய்த் தோற்சுருள்கள் என்று பொருளையும் இடத்தையும் ஆளையும் குறிப்பிட்டு, மாரிகாலத்துக்கு முன் வரும்படி காலத்தையும் சொன்னார். நீங்களும் அப்படி ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஒரு கட்டுக் காகிதம், எழுதினதை வாசித்துக் காட்டினால் கேட்டுக்கொண்டிருக்க ஒருவர், மருத்துவரிடம் கூட வர ஒருவர். அடுத்த முறை யாராவது கேட்டால், அதிலிருந்து ஒன்றை வாசித்துக் காட்டுங்கள்.