பியூட்டனால் நெடி இல்லாமல் மஞ்சளை அளப்பது

பியூட்டனால் என்ற ஆல்கஹால் கரைப்பானை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். கையுறையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த நெடி விடாது. கோதுமை மாவில் மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டு எவ்வளவு என்று பார்க்க ரொம்ப காலமாக இருக்கும் முறை இது: 8 கிராம் மாவு, தண்ணீர் நிறைவுற்ற பியூட்டனால் 40 மில்லி, குலுக்கி ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் வடிகட்டி, 436 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ரீடிங். முறையில் குறையில்லை. ஆனால் 100 மாதிரி என்றால் 4 லிட்டர் கழிவு, அதுவும் சும்மா தொட்டியில் ஊற்றிவிட முடியாத கழிவு.

'பசுமை முறை' என்றதும் எல்லோரும் முதலில் கரைப்பானை மாற்றத்தான் ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். ஆனால் எனக்கு அதிகம் மிச்சமானது அளவைக் குறைத்ததில்தான். அதே விகிதத்தில் அரை கிராம் மாவு, இரண்டரை மில்லி கரைப்பான், ஒரு சின்ன மூடி போட்ட குழாய், வேகமாகச் சுற்றி மாவைக் கீழே படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜ். 4 லிட்டர் கால் லிட்டராகிவிட்டது. ஒரே கவனம், மாவு மிக நைசாக, ஒரே சீராக அரைபட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அரை கிராம்தான் மொத்த தானியத்துக்கும் சாட்சி.

அப்புறம்தான் எத்தனால். முதல் தடவை கையில் இருந்த 70 சதவீத எத்தனாலையே ஊற்றினேன். ரீடிங் பிரமாதமாக ஏறியது, இந்தக் கோதுமையில் இவ்வளவு மஞ்சளா என்று எனக்கே சந்தேகம். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் லேசாகப் பால் கலந்த மாதிரி கலங்கல். தானியத்தின் புரோலமின் புரதங்கள் இருக்கின்றனவே, அவை தண்ணீர் கலந்த ஆல்கஹாலில்தான் நன்றாகக் கரையும், பள்ளிப் பாடத்திலேயே உண்டு, எனக்குத்தான் அந்த நேரத்தில் தோன்றவில்லை. கரைந்து வந்த புரதம் கலங்கலாகி ஒளியைச் சிதறடித்தது, கருவி அதை நிறம் என்று எண்ணிவிட்டது. தண்ணீர் கலக்காத எத்தனாலுக்கு மாறி, சென்ட்ரிஃபியூஜில் கூடுதல் நேரம் சுற்றி, 700 நானோமீட்டரிலும் ஒரு ரீடிங் எடுக்க ஆரம்பித்த பிறகு சரியானது. அங்கே கரோட்டினாய்டு ஒளியை உறிஞ்சாது, எதாவது தெரிந்தால் அது கலங்கல்தான்.

இன்னொன்று, கரைப்பானை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். எத்தனாலில் லூட்டின் என்ற கரோட்டினாய்டுக்கு 445 நானோமீட்டரில் 2550 என்ற உறிஞ்சல் குணகம், ரீடிங்கை அளவாக மாற்றுவது அதை வைத்துத்தான். பழைய பியூட்டனால் கணக்கை அப்படியே போட்டுவிட்டு, புது முறை குறைவாகக் காட்டுகிறது என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனால் எல்லாவற்றுக்கும் சரிவராது. கோதுமையில் பெரும்பாலும் லூட்டின்தான், அதில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால் எத்தனாலுக்கு இணங்கி வரும். மக்காச்சோளத்தில் பீட்டா கரோட்டினும் சேர்ந்து வரும், அதற்கு ஹைட்ராக்சில் ஒன்றுகூட இல்லை, அவ்வளவு எளிதாக அசையாது. சூடாக்க வேண்டும், அல்லது எத்தில் அசிட்டேட் மாதிரி ஒன்று வேண்டும். ஹெக்சேன் என்ற கரைப்பான் அளவுக்கு அது நரம்பைப் பதம் பார்க்காது.

மீவுய்நிலை கார்பன் டை ஆக்சைடு பற்றி நிறையக் கேட்கிறார்கள். 31 டிகிரி, 74 பார் அழுத்தத்துக்கு மேல் அது கரைப்பான் போல வேலை செய்யும், உண்மைதான். ஆனால் லூட்டினை இழுக்க அதோடு கொஞ்சம் எத்தனாலும் சேர்க்க வேண்டியிருக்கிறது, பம்ப் வேறு மின்சாரம் குடிக்கும். பெரிய அளவில் பிரித்தெடுப்பவர்களுக்குச் சரி, ஒரு எண் தெரிந்துகொள்வதற்கு இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

கரைப்பானே வேண்டாம் என்றால் நிறமானி இருக்கிறது, மாவை வைத்தால் மஞ்சள் அளவு வந்துவிடும். நூறு ரகங்களில் எது அதிக மஞ்சள் என்று வரிசைப்படுத்த இதுவே போதும். தவிடு கலந்தாலோ அரைத்த பருமன் மாறினாலோ எண் தடுமாறும், அவ்வளவுதான். அண்மை அகச்சிவப்பு கருவியும் தானியத்தை உடைக்காமலே சொல்லும், ஆனால் அதற்குச் சொல்லிக்கொடுக்க முதலில் ஒரு குவியல் மாதிரிகளைக் கரைப்பானில் அளந்தே ஆக வேண்டும். லூட்டின் வேறு, அதைப் போன்ற இன்னொரு கரோட்டினாய்டான சியாசாந்தின் வேறு என்று பிரித்துக் காட்ட இன்னும் ஹெச்பிஎல்சிதான், கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி அது. அதனால் என் வழக்கம் இது: எல்லாவற்றையும் நிறமானியில் ஓட்டி, சந்தேகமானவற்றை மட்டும் எத்தனால் குழாய்க்கு அனுப்பி, அதிலும் தேவைப்படும் நாலைந்துதான் ஹெச்பிஎல்சிக்குப் போகும். எந்த வழியானாலும் அறை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, அரைத்த அன்றே அளந்துவிடுங்கள். அரைத்து வைத்த மாவில் கரோட்டினாய்டு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும்.